வன்னியின் சின்ன மர ஆலையும் கொழும்புப் பலகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவுக்கு வெளியே பெரியப்பா ஒரு சின்ன மர ஆலை வைத்திருந்தார். அங்கே அரிந்த பலகையைக் கொழும்பில் கடை வைத்து விற்றது அப்பா. ஆலை நின்று கன காலம், கடையும் இப்போது பாதிதான், ஆனால் கேள்விகள் மட்டும் நின்றபாடில்லை. வெள்ளவத்தையில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவர் கழற்றிய கதவைப் படம் எடுத்து அனுப்பி என்ன மரம் என்கிறார். கனடாவிலிருந்து வந்து நிற்பவர் "உங்கட பெரியப்பாட மில்லிலதான் எங்கட வீட்டு வளை அரிஞ்சது" என்கிறார், வளை என்பது கூரை தாங்கும் விட்டம். கட்டுரை எழுதும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் காட்டை அழித்தது யார் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெரிய ஆலையா? பெயர் என்ன?

சுவரில்லாத ஒரு தகரக் கொட்டில். நடுவில் வட்ட வாள், ஒரு பக்கம் டீசல் எஞ்சின், வெளியே வெயிலில் குற்றிகள், பின்னால் மரத்தூள் மேடு. வேலைக்கு ஐந்தாறு பேர், அதில் பாதி சொந்தக்காரர். பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இருக்கவில்லை. யாரைக் கேட்டாலும் எஞ்சின் சத்தம் வரும் பக்கம் கையைக் காட்டுவார்கள். நான் சொல்வது எங்கள் ஆலையின் கதை என்றாலும் குருநாகலிலோ மொனராகலையிலோ இப்படி ஒரு கொட்டில் வைத்திருந்தவர் வாசித்தால் அவருடைய கதை போலவே இருக்கும். வந்து இறங்கிய மரங்களின் பெயர்தான் கொஞ்சம் மாறும்.

இயந்திரம் வருமுன் மரத்தை எப்படி அரிந்தார்கள்?

கிடங்கு வெட்டி. ஆள் நிற்கும் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதன் மேல் குறுக்கே கட்டைகள் போட்டு, குற்றியை அதில் ஏற்றுவார்கள். ஒருவர் குற்றிக்கு மேல் நிற்பார், மற்றவர் குழிக்குள். நடுவில் இருவர் இழுக்கும் நீள வாள். கரி தோய்த்த நூலைக் குற்றியில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கறுப்புக் கோடு விழும், அந்தக் கோட்டை விட்டு வாள் விலகாமல் பார்ப்பது மேலே நிற்பவரின் பொறுப்பு. வாள் வெட்டுவது கீழ்நோக்கி இழுக்கும்போதுதான், ஆகவே உண்மையான பாரம் குழிக்குள் நிற்பவருக்கு. அவருடைய தலையிலும் கண்ணிலும் முதுகிலும் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். தலையில் துண்டைக் கட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நாள் முழுக்க இழுக்க வேண்டும். மேலே நிற்பவருக்குக் கூலி அதிகம் என்றால் கீழே நிற்பவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பெரியப்பாவின் ஆலையில் வேலை செய்த வயசாளி ஒருவர் இளவயதில் கீழே நின்றவர். அதைப் பற்றிக் கேட்டால் முதலில் ஒரு கெட்ட வார்த்தை வரும், அதற்குப் பிறகுதான் கதை.

கை வாளை லேசாக எண்ணிவிட வேண்டாம். பேராதனையில் மகாவலிக்கு மேல் 1832-33 இல் கட்டிய பாலம் முழுக்க முதிரை மரம். ஒரே வளைவாக 205 அடி, ஆற்றின் நடுவில் தூண் கிடையாது. இலங்கையில் ரயில் ஓடத் தொடங்க இன்னும் முப்பது வருடம் இருந்த காலம் அது. எழுபது வருடத்துக்கு மேல் போக்குவரத்தைத் தாங்கி நின்று, 1905 இல்தான் அதைக் கழற்றினார்கள்.

ஆலையைக் கொழும்பிலேயே போட்டிருக்கலாமே? ஏன் கிராமத்தில்?

கணக்குதான் காரணம். ஒரு குற்றியை அரிந்தால் விற்கக்கூடிய பலகையாகத் தேறுவது பாதிக்குச் சற்று மேல். மீதி பட்டை, புறவெட்டு (குற்றியின் வெளிப்பக்கத் துண்டு), தூள். முழுக் குற்றியையும் லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டு போனால் பாதி வாடகை குப்பைக்குத்தான். அதனால் மரம் விழும் இடத்துக்குப் பக்கத்தில் அரிந்து, பலகையாகவும் தீராந்தியாகவும் (பாரம் தாங்கும் கனத்த விட்டம்) அனுப்புவதே லாபம்.

வடக்கு ரயில் பாதை 1905 இல் யாழ்ப்பாணம் வரை திறந்ததும் வவுனியாப் பக்கத்து மரத்துக்கு ஒரு வாசல் கிடைத்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைக்கே பாலை மரம் நன்றாகப் போனது. ரயிலுக்காக வெட்டிய மரம் ரயிலிலேயே போன கதை. அதற்குப் பிறகு லொறி வந்தது, சின்ன டீசல் எஞ்சின்கள் கைக்கெட்டிய விலைக்கு வந்தன, கிராமத்து ஆள் ஒருவர் காணியை ஈடு வைத்து ஆலை போடலாம் என்ற நிலை வந்தது. பெரியப்பா போட்டதும் அப்படித்தான்.

காட்டுக்குள்ளிருந்து குற்றியை வீதிக்குக் கொண்டு வர லொறியால் முடியாத இடங்களில் யானை. யானை வைத்திருந்தவர் ஒரு தனி முதலாளி. அவருடைய நேரத்துக்கு ஆலை காத்திருக்கும், ஆலையின் நேரத்துக்கு யானை காத்திருக்காது. டிரக்டர் பரவலாக வந்த பிறகுதான் அந்தப் பெருமை குறைந்தது.

என்ன எஞ்சின் ஓடியது?

மெதுவாகச் சுழலும் பழைய லிஸ்டர் வகை. நிமிடத்துக்கு 650 சுற்று, பெரிய பறக்கும் சில்லு, குளிர்விக்கப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பா. கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ண வேண்டும், கைப்பிடி திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். எஞ்சினிலிருந்து வாளுக்கு நீளத் தட்டைப் பெல்ட். மழை நாளில் அது வழுக்கும், அதற்குக் குங்கிலியத்தைத் தூளாக்கித் தடவுவார்கள், சூட்டில் அது உருகி ஒரு கோயில் வாசனை வரும்.

அரிவுகாரர் கண்ணால் வேலை செய்வதைவிடக் காதால் செய்வது அதிகம். வாள் வெறுமனே சுழலும்போது ஒரு சத்தம், முதிரையில் இறங்கும்போது ஒன்று, பாலையில் இறங்கியதும் எஞ்சினே முனகத் தொடங்கும். அந்த முனகல் ஒரு அளவுக்குக் கீழே போகுமுன் தள்ளுவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வாள் சூடாகித் தகடு நெளியும். நெளிந்த வாள் நேராக வெட்டாது, அதைத் தட்டிச் சரிபண்ணும் ஆள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். பல்லுக்கு அரம் போடுவது தினசரி வேலை, பாலை அரிந்தால் அன்றே இரண்டாம் தடவையும்.

வட்ட வாளின் பெரிய குறை அதன் தடிப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் கிட்டத்தட்ட கால் அங்குலம் தூளாகப் போகும். ஒரு அங்குலப் பலகை நாலு எடுக்க நாலு வெட்டு, அதாவது இன்னொரு பலகைக்குரிய மரம் தூள். பிறகு வந்த பட்டை வாள், அதாவது நாடா போலச் சுற்றி ஓடும் மெல்லிய வாள், 2-3 மில்லிமீட்டர்தான் தின்னும். மரம் மலிவாக இருந்த காலத்தில் இதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

எந்தெந்த மரங்கள் வந்தன?

இதைக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முதிரை, சிங்களத்தில் புருத. வெட்டிய புதிதில் மஞ்சள், சீவிவிட்டால் வெளிச்சம் பட்ட பக்கம் பட்டுப் போல மினுங்கும், தலையைச் சாய்த்துப் பார்த்தால் மினுக்கமும் கூடவே நகரும். கதவு நிலை, யன்னல், படிக்கட்டு, கட்டில், எதற்கும் ஆகும். ஆனால் அதன் தூள் சிலருக்கு ஆகாது. கை, கழுத்து, கண் இமை எல்லாம் சிவந்து அரிக்கும். எங்கள் ஆலையில் நல்ல வேலைக்காரர் ஒருவர் முதிரை நாள் என்றால் மட்டம் போட்டுவிடுவார். சோம்பல் என்று நினைத்து ஒரு நாள் கட்டாயப்படுத்திப் பார்த்தார்கள், அடுத்த நாள் ஆளின் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

பாலை. கொழும்பில் பலருக்குப் பாலைப்பழம் மட்டும்தான் தெரியும், உதட்டில் ஒட்டுமே, அது. மரம் இரும்பு. தண்ணீரில் போட்டால் தாழும். நிலத்தில் நேரடியாகப் புதைக்கும் தூணுக்கும், பாரம் தாங்கும் தீராந்திக்கும் அதைப்போல இல்லை. தச்சருக்கு மட்டும் பிடிக்காது. துளை போடாமல் ஆணி இறங்காது, காயும்போது நீளத்துக்கு வெடிக்கும்.

கருங்காலி எப்போதாவது வரும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் குற்றி, அறுத்தால் நடுவில்தான் கறுப்பு. சுற்றிலும் வெள்ளை. தடித்த மரத்தில்கூடச் சில வேளை கறுப்பு கை மொத்தம்தான் இருக்கும், வாங்கியவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்.

சாவண்டலை, அதாவது ஹல்மில்ல, வளைந்து கொடுக்கும், உடையாது. சாராயத்தைப் பதப்படுத்தும் பெரிய பீப்பாய்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் தேடுகிறார்கள். அந்தக் காலத்தில் திருகோணமலையிலிருந்து சென்னைக்குக் கப்பலில் போன மரம், அங்கே கரையில் அலையைத் தாண்டும் படகுகளுக்குப் பாவித்தார்கள்.

வேம்பு, புளி, மயிலை, பனை எல்லாம் வந்தன. பனையைப் பற்றி ஒரு வரி: முற்றின பனை வளையும் சிலாகையும் (கூரைக்குப் போடும் மெல்லிய சட்டம்) ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போன சரக்கு, கரையான்கூட அதன் வைரத்தை லேசில் தொடாது.

கலமந்தர் வந்ததா என்று தளபாடப் பித்தர்கள் கேட்பார்கள். இல்லை. அது ஈர வலயத்து மரம், கருங்காலியின் உறவு, மண்ணிறத்தில் கறுப்பு வரி ஓடும். ஐரோப்பிய வீடுகளுக்கு மேசையும் பெட்டியும் செய்தே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை முடித்துவிட்டார்கள். பெரியப்பா ஒரு துண்டையும் கண்டதில்லை.

ஊர்ச் சனங்கள் சொந்த மரத்தைக் கொண்டுவந்து அரியலாமா?

அதுதான் ஆலையின் உயிர். கொழும்புக்கு அனுப்பிய பலகையில் வந்த காசு பெரிது, ஆனால் அது ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது. எஞ்சினை நிற்காமல் ஓட்டியது கூலிக்கு அரிதல்.

மகளுக்குக் கலியாணம் பேசியதும் ஒருவர் வளவில் நின்ற வேம்பைத் தறித்து மாட்டு வண்டியில் கொண்டு வருவார். வந்து இறக்கும்போதே என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்: ஒரு கட்டில், ஒரு அலுமாரி, முன்கதவுக்கு நிலை, மிச்சம் இருந்தால் ஒரு மேசை. மரத்தைப் பார்த்ததும் பெரியப்பாவுக்குத் தெரியும் மேசை வராது என்று. ஆனால் உடனே சொல்ல மாட்டார். குற்றியை இரண்டு தரம் உருட்டி, கணுவைத் தட்டி, உள்ளே கோறை இருக்கிறதா என்று கோடரிப் பின்பக்கத்தால் அடித்துக் கேட்டு, அதன் பிறகு "அலுமாரிக் கால் வேற மரத்தில போடுவம்" என்று தொடங்குவார். மரத்தின் சொந்தக்காரர் அரிந்து முடியும்வரை கொட்டிலிலேயே நிற்பார். பலகை மாறிவிடும் என்ற பயம். மாறாது, ஆனால் அந்தப் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை, எல்லா ஆலையும் ஒரே மாதிரி இல்லை.

கூலி கன அடிக் கணக்கில். காசு இல்லாதவர் புறவெட்டை விட்டுவிட்டுப் போவார், அது விறகாக விலை போகும். நெல் வெட்டு முடிந்த பிறகு தருகிறேன் என்று சொன்னவர்களின் கணக்கு தனிக் கொப்பியில். அதில் சில வரிகள் இன்னும் வெட்டப்படவில்லை.

கன அடி எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்? ஏமாற்று என்கிறார்களே?

நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் பிரியுங்கள். வந்ததை அதனாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144 ஆல் பிரியுங்கள். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால்: 12 ஐ 12 ஆல் பெருக்க 144, அதைப் பத்தால் பெருக்கி 144 ஆல் பிரித்தால் 10 கன அடி.

உருண்டைக் குற்றியின் உண்மைக் கொள்ளளவு இதைவிடக் கூட, சரியாகப் பார்த்தால் 12.7 கன அடி கிட்ட வரும். ஆக நூற்றுக்கு 21 பங்கு கணக்கில் இல்லை. ஆங்கிலேயர் காலத்து முறை இது, அரியும்போது போகும் கழிவுக்கு முன்கூட்டியே விட்டுக்கொடுப்பது என்பது அதன் நியாயம். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே சூத்திரம் என்றால் ஏமாற்று இல்லை. குற்றியை இந்தக் கணக்கில் வாங்கி, பலகையை உண்மை அளவில் விற்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. சுற்றளவைப் பட்டையோடு எடுத்தாரா, பட்டை இல்லாமல் எடுத்தாரா என்று கேளுங்கள். சண்டை எல்லாம் அங்கேதான்.

மரம் வெட்ட யார் அனுமதி கொடுத்தது?

ஆலைக்காரர் காடு வைத்திருந்தார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். காடு அரசினுடையது. 1840 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த காணிச் சட்டம், உரித்து நிறுவ முடியாத தரிசு நிலமும் காடும் முடிக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டது. 1887 இல் வன இலாகா, 1907 இல் வனக் கட்டளைச் சட்டம். இன்று வரைக்கும் அந்த 1907 சட்டத்தைத்தான் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள். 1968 இல் அரச மரக் கூட்டுத்தாபனம் வந்ததும் காட்டு மரத்தை வெட்டி விற்பது பெரும்பாலும் அதன் கைக்குப் போனது, சின்ன ஆலைகள் அதனிடம் குற்றி வாங்கும் நிலைக்கு வந்தன. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதே நிறுத்தப்பட்டது.

வளவு மரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பலாவை நினைத்தபடி தறிக்க முடியாதபடி 1951 இல் ஒரு சட்டம் வந்தது, இப்போதும் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். பஞ்சத்தில் சோறு போடும் மரம் என்பதால் அப்படி. அதற்கு முந்திய தலைமுறையில் ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடு முழுக்கப் பலா நடச் சொல்லி அலைந்தார், சிங்களத்தில் செல்லமாகக் 'கொஸ் மாமா' என்பார்கள்.

பழைய குற்றிகளின் தலைப்பக்கத்தில் சுத்தியலால் அடித்த முத்திரை இருக்கும், வன அதிகாரியின் அடையாளம் அது. முத்திரை இல்லாத குற்றி ஆலைக்குள் கிடந்தால் வழக்கு. கொண்டு போகும் லொறிக்கும் அனுமதிப்பத்திரம். எந்தெந்த மரத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற பட்டியல் அவ்வப்போது மாறுகிறது, ஏற்றுவதற்கு முன் வன இலாகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், நான் சொன்னேன் என்று வீதித் தடையில் நின்று சொல்ல வேண்டாம்.

சின்ன ஆலைகள்தானே காட்டை அழித்தன?

பங்கு இருக்கிறது. இரவில் வந்த குற்றியை விடிவதற்குள் பலகையாக்கிவிட்டால் முத்திரை எங்கே என்று யார் கேட்பது? அப்படி நடந்த ஆலைகள் எல்லா மாவட்டத்திலும் இருந்தன.

ஆனால் அளவைப் பாருங்கள். சிங்கராஜாக் காட்டுக்குள் எழுபதுகளின் தொடக்கத்தில் இயந்திரங்களோடு போய் மரம் வெட்டியது கொஸ்கமவில் கட்டிய ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக, அரசே எடுத்த முடிவு. எதிர்ப்புக் கிளம்பி 1977 அளவில்தான் அதை நிறுத்தினார்கள், 1988 இல் அது உலக மரபுரிமைக் காடு ஆனது. கல் ஓயா, மகாவலி என்ற பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களுக்கு வெட்டித் துப்புரவாக்கிய காடு எங்கள் மாதிரி ஆலைகள் ஆயிரம் சேர்ந்தாலும் தலைமுறைக் கணக்கில் அரிய முடியாத அளவு. அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வயலுக்குத் தண்ணீர் வந்தது. மரத்தூள் படிந்த கொட்டில்காரனைக் காட்டிப் பெரிய கணக்கை மறைக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

2019 இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஐந்து வருடத்துக்குள் மர ஆலைகளை மூட வேண்டும், சங்கிலி வாளைத் தடை செய்ய வேண்டும் என்று அறிவித்தார். ஐந்து வருடம் போய்விட்டது. ஆலைகளும் இருக்கின்றன, வாள்களும் இருக்கின்றன.

யுத்த காலத்தில் ஆலை என்ன ஆனது?

முதலில் டீசல் தட்டுப்பட்டது. பிறகு காட்டுக்குள் போக ஆளில்லை: ஒரு பக்கம் அனுமதி தரமாட்டார்கள், மறுபக்கம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், நடுவில் மிதிவெடி. யாழ்ப்பாணத்தையும் தெற்கையும் இணைக்கும் ஏ9 வீதி மூடினால் பலகை போகாது, திறந்தால் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பலகையாக இறக்கி ஏற்ற வேண்டும். பதுங்கு குழிகளுக்குப் பனங்குற்றியும் காட்டு மரமும் போனது வேறு. ஆலை மூடியது ஒரே நாளில் எடுத்த முடிவு அல்ல, ஓடாத நாட்கள் கூடிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பெல்ட்டைக் கழற்றி வைத்தார்கள். கொழும்பில் எண்பத்து மூன்று கலவரத்தில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் எழுதப்போவதில்லை. மரக் கடைக்குத் தீ வைப்பது எவ்வளவு லேசு என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

யுத்தம் முடிந்த 2009 க்குப் பிறகு வன்னி மரம் அரிந்தவர்களுக்கு ஒரு புதுத் தொல்லை. குற்றிக்குள் சன்னம், ஷெல் துண்டு. வெளியே பட்டை மூடி வளர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. வாள் பல்லில் பட்டால் ஒரு கிறீச், பொறி பறக்கும், நாலைந்து பல் ஒன்றாகப் போகும், தெறித்த துண்டு ஆளில் பட்டால் ஆளும் போகும். இரும்பு இருந்த இடத்தைச் சுற்றி மரம் நீலக் கறுப்பாகக் கறை பிடித்திருக்கும், அரிமுகத்தில் அந்தக் கறையைக் கண்டால் உடனே நிறுத்துவார்கள். வேலி மரங்களில் முள்கம்பி ஆணி இருக்கும் என்பது எந்த ஆலைக்கும் பழைய பயம்தான், அதன் மேல் இது.

ஆலையில் விபத்துகள்?

நிறைய. மூடி இல்லாத வட்ட வாள், காலில் செருப்பு, இடுப்பில் சாரம். பழைய அரிவுகாரருடைய கையைப் பார்த்தால் விரல் எண்ணிக்கையில் ஏதாவது குறையும். வாள் பிடித்துக் குற்றியைத் திருப்பி எறிவதுதான் எல்லாவற்றிலும் மோசம். இதைச் 'சின்னத் தொழிலின் அழகு' என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இப்போது கொழும்புக்கு மரம் எங்கிருந்து வருகிறது?

வீட்டுத் தோட்டங்களிலிருந்து பெரும்பகுதி: பலா, மகோகனி, கினிசப்பு, மலைவேம்பு. கூட்டுத்தாபனத்தின் தேக்கு. றப்பர் தோட்டத்தில் பால் வற்றிய மரம், அதை மருந்தில் ஊறவைக்காவிட்டால் பூச்சி உளுத்துவிடும். கூரைக்குத் தென்னஞ்சிலாகை. மலேசியாவிலிருந்து வரும் கெம்பஸ் என்ற கடின மரம். தேக்கும் மகோகனியும் இந்த நாட்டுக் காட்டு மரம் அல்ல, கொண்டுவந்து நட்டவை, அதனால்தான் இவ்வளவு கிடைக்கிறது. "வன்னி முதிரை, புது மரம்" என்று யாராவது மலிவாகத் தந்தால் பத்திரத்தைக் கேளுங்கள்.

பாட்டியின் அலுமாரி என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நான் உட்பட. லாச்சியை வெளியே இழுத்து, பொலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாகத் தொடங்கி வருடக்கணக்கில் தேன் நிறமாகவும் மண்ணிறமாகவும் மாறியிருந்தால் அநேகமாகப் பலா. வெளிச்சத்தில் திருப்பும்போது மினுக்கம் நகர்ந்தால், தூக்கவும் பாரமாக இருந்தால், முதிரை. நகத்தால் சுரண்டினால் எண்ணெய் வாசனை வந்தால் தேக்கு. கறுப்பு என்பதற்காகக் கருங்காலி என்று நம்பிவிடாதீர்கள், மூலையில் கொஞ்சம் சுரண்டினால் கறுப்புச் சாயம் உரிந்து உள்ளே வேறு மரம் சிரிக்கும்.

வாங்கிய பலகை வளைந்துவிட்டது. ஏன்?

பச்சை மரம் விற்றிருக்கிறார்கள். நிழலில், காற்றுப் போக இடைக்கட்டை வைத்து அடுக்கினால் ஒரு அங்குலப் பலகை காய ஏறக்குறைய ஒரு வருடம். இரண்டு தலைப்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்தால் வெடிப்பு குறையும். பெரியப்பா அடுக்கி வைத்துக் காத்திருப்பார், அதற்கு இடமும் காசும் வேண்டும். இன்றைக்குக் கொழும்பில் இடத்துக்கு இருக்கும் வாடகையில் யார் ஒரு வருடம் பலகையை நித்திரை கொள்ள விடுவார்கள்?

மரத்தூளை என்ன செய்தீர்கள்?

அடுப்புக்கு. தகர வாளியின் அடியில் பக்கவாட்டாக ஓட்டை போட்டு, அதில் ஒரு தடியும் நடுவில் நிமிர்த்திய ஒரு போத்தலும் வைத்து, சுற்றிவரத் தூளை இறுக்கி அடைத்து, போத்தலையும் தடியையும் மெல்ல உருவி எடுத்தால் காற்றுக்கு வழி. கீழே நெருப்பு வைத்தால் ஒரு நேரச் சமையல் முடியும்வரை எரியும். தூள் இறுக்கம் போதாவிட்டால் நடுவில் சரிந்து புகைந்து வீட்டையே நிரப்பும். 2022 இல் கொழும்பில் காஸ் இல்லாமல் சனம் தெருவில் நின்றபோது இந்த அடுப்பை எப்படிச் செய்வது என்று கேட்டு வந்த அழைப்புகள் கொஞ்சநஞ்சம் இல்லை. காளான் வளர்க்கவும் தூள் கேட்பார்கள், அதற்கு றப்பர் மரத் தூள்தான் சரி, முதிரைத் தூளை வாங்கிக் கைகளைச் சொறிந்துகொள்ள வேண்டாம்.

எஞ்சினும் வாளும் இன்னும் இருக்கிறதா? விற்பீர்களா?

எஞ்சினை ஒரு நெல் மில்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரிய வாள் கடையின் பின்சுவரில் சாய்ந்து கிடக்கிறது, மேசையாக்கக் கேட்டு ஒரு கோப்பிக் கடைக்காரர் இரண்டு தடவை வந்தார், விலை சொன்னேன், இன்னும் யோசிக்கிறார். கணக்குக் கொப்பிகளைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் தாராளமாக வரலாம், சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள். படம் எடுக்கலாம். கடன் வைத்தவர்களின் பெயர் இருக்கும் பக்கங்களை மட்டும் எடுக்க விடமாட்டேன்.